பெயருக்கு முன்னால் ஒட்டாத சொல்

கோரைமேட்டுப் பவுனம்மாவின் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம் முடிவான கையோடு, பெண் வீட்டார் மூன்று பேரும் மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேருமாக ஒரே வேனில் ஏறி டவுனுக்குப் போய், நூர் கார்டு சென்டரில் பத்திரிகை பார்க்கக் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்கள்? சம்சுதீன் பாய் கடையில் மாதிரி அட்டை ஒன்றா இரண்டா! திறந்தால் பிள்ளையார் எழுந்து நிற்கிற அட்டை, முகர்ந்தால் சந்தனம் மணக்கிற அட்டை, பட்டுக் குஞ்சம் தொங்குகிற அட்டை, பெட்டிக்குள் பெட்டியாகப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கல்கண்டும் ஒரு துண்டுக் காகிதமும் மட்டும் இருக்கிற அட்டை என்று பாய் எடுத்துப் போடப் போட, மாப்பிள்ளையின் அம்மா அரக்குக் கலர்தான் வேண்டும் என்றாள், இலக்கியா இளமஞ்சள் என்றாள், பவுனம்மாவின் அண்ணன் முருகையன் கலரையே பார்க்காமல் ஒவ்வொரு அட்டையாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், கனமாக இருந்தால்தான் கொடுக்கிறவனுக்கு மரியாதை என்பது அவர் கட்சி. ஒருவழியாக இளமஞ்சள் அட்டையில் அரக்கு எழுத்து, உச்சியில் ஊர் மாரியம்மன் படம், ஐந்நூறு பிரதி என்று சமாதானமானபோது எல்லோருக்கும் நல்ல பசி.

பாய் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"பொண்ணோட தகப்பனார் பேரு?"

"வேதையன்," என்றாள் இலக்கியா.

"இருக்காங்களா?"

பாய் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. இருபத்தாறு வருசமாக வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. இருக்கார் என்பார்கள், பாய் பெயரை எழுதிக்கொள்வார். இல்ல பாய், தவறிட்டார் என்பார்கள், பெயருக்கு முன்னால் அமரர் என்று எழுதிக்கொள்வார், அவ்வளவுதான், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு மேசைமேல் கிடந்த அட்டைகளைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் மாதிரி பார்த்தார்கள்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம் வேதையனும் இன்னும் ஆறு பேரும் ஏறிப்போன விசைப்படகு திரும்பி வரவில்லை. புயல் அடித்தது, ஓய்ந்தது, ஹெலிகாப்டர் வந்தது, போனது, மந்திரி வந்தார், போனார், அக்கம்பக்கத்து ஊர்ப் படகெல்லாம் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தது, ஒரு பலகை கிடைக்கவில்லை, ஒரு செருப்பு கிடைக்கவில்லை. இல்லாத உடம்புக்கு எதை வைத்துக் கருமாதி செய்வது என்று தெரியாமல் ஏழு வீட்டிலும் பெண்கள் பொட்டு வைத்துக்கொண்டே இருந்தார்கள், வைக்கும்போதெல்லாம் கை கூசியது. ஏழு வருசம் முடிந்ததும் தாலுகா ஆபீஸில் ஒரு தாளை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டால்தான் இறந்துவிட்டார் என்று சான்றிதழ் வரும், சான்றிதழ் வந்தால்தான் நிவாரணம் வரும் என்றார்கள். இலக்கியா அப்போது நர்ஸிங் சேர்ந்திருந்தாள், பவுனம்மா கையெழுத்துப் போட்டாள். புருசன் செத்துப்போனான் என்று தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். அந்தக் கையெழுத்து தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி அவளுக்குள் நின்றுவிட்டது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அமரர் போட்டுக்குங்க பாய்," என்றார் முருகையன், தங்கச்சி முகத்தைப் பார்க்காமல்.

"மாமா!" என்றாள் இலக்கியா.

மாப்பிள்ளையின் அப்பா ராசமாணிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். நல்ல மனுசன்தான், ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நாள் முழுக்க யோசிக்கிற மனுசன். "தப்பா நினைக்காதீங்க சம்பந்தியம்மா. வெறும்பேரா போட்டா, பொண்ணோட அப்பா எங்க, மணையில காணுமேன்னு எங்க சனம் கேக்கும். அமரர்னு போட்டுட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. ஒங்க அண்ணனும் அண்ணியும் நின்னு தாரை வாத்துக் குடுக்கட்டும்."

"எங்கம்மாதான் நிக்கணும்," என்றாள் இலக்கியா. "எங்க ஊரு வழக்கமே இருக்கு. கடலுக்குப் போனவரு திரும்பறதுக்குத் தாமசமானா, அவரு கல்யாண வேட்டிய மடிச்சுக் கையில வச்சிக்கிட்டு அம்மா தனியா நின்னு தாரை வாக்கலாம்."

"தாமசம்னா ஒரு வாரம், பத்து நாளு இருக்கும்மா. ஒம்போது வருசத்த யாரும் தாமசம்னு சொல்ல மாட்டாங்க."

இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம், ஒரே ஒரு சொல்தானே! அந்த ஒரு சொல் விழுந்தால் பவுனம்மாவின் பொட்டும் பூவும் போய்விடும், மகள் கழுத்தில் தாலி ஏறும்போது கூட்டத்துக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்று எட்டிப் பார்க்க வேண்டும். ஒற்றை ஆளாக மீன் கூடை சுமந்து வளர்த்த பிள்ளையை வேறொருத்தி கைபிடித்துக் கொடுப்பாள். இதெல்லாம் பவுனம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயந்தாள், இலக்கியாவுக்கும் மாப்பிள்ளை கபிலனுக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப் போயிருந்ததும் அவளுக்குத் தெரியும்.

"போட்டுக்குங்க பாய்," என்றாள். முதல் தடவை கையால் கொன்றாள், இப்போது வாயால். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது, யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நாளில் பத்திரிகைக் கட்டுகள் வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை காலை, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து, மஞ்சளைக் குழைத்து, நாலு மூலையிலும் தடவலாம் என்று முதல் கட்டைப் பிரித்தபோது, அட்டைப்பெட்டியின் அடியில் கருஞ்சீரகத்தைக் கொட்டினாற்போல என்னமோ கிடந்தது. எறும்பு முட்டையா, மசிக் குப்பையா என்று பவுனம்மா விரலால் தொட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அது ஒரு 'ம'. பக்கத்தில் ஒரு 'அ' கிடந்தது, அதற்குப் பக்கத்தில் 'ர' இரண்டு. இலக்கியா பத்திரிகையை விரித்தாள். வேதையன் என்ற பெயருக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடம் இருந்தது. ஐந்நூறையும் பிரித்துப் பார்த்தார்கள், ஐந்நூறிலும் அப்படியேதான். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி, அவள் புருசனும் அதே படகில் போனவன்தான், எழுந்து போய் முறத்தை எடுத்து வந்து, கீழே சிந்தியிருந்த எழுத்தையெல்லாம் அள்ளிப் புடைத்துத் தூசு தள்ளி, ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவில் கொட்டி மூடினாள்.

"வீணாப் போவக் கூடாதுல்ல," என்றாள், "எழுத்தாச்சே."

டப்பாவையும் பத்திரிகையையும் தூக்கிக்கொண்டு முருகையன் கடைக்குப் போனார். பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் கடை வேலையில் குறை என்றால் அவருக்குச் சோறு இறங்காது. மிசினில் மறுபடி பத்து அட்டை ஓட்டினார், தட்டில் வந்து விழுந்ததுமே அந்தச் சொல் மட்டும் உதிர்ந்தது. தங்க மையில் ஓட்டினார், அது தங்கப்பொடியாக உதிர்ந்தது. ஸ்டிக்கரில் அடித்து ஒட்டினார், ஒட்டிய கை எடுப்பதற்குள் உரிந்து சுருண்டது. கடைசியில் முருகையனே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதினார், மை உருண்டு திரண்டு தாளின் ஓரத்துக்குப் போய்ச் சொட்டாக நின்றது. ஆனால் அதே பத்திரிகையில், மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் போட்டிருந்த அமரர் அசையாமல் இருந்தது. பாய் நகத்தால் சுரண்டியும் அது போகவில்லை.

"தாளு மேல குத்தமில்ல, மையி மேல குத்தமில்ல," என்றார் பாய். "அவரு ஒத்துக்க மாட்டேங்கிறாரு. நான் என்ன பண்றது?"

முருகையன் பஸ்ஸில் திரும்பி வருவதற்கு முன்னாலேயே சேதி கோரைமேட்டுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் பஞ்சாயத்தார் கோவில் வாசலில் கூடினார்கள். உதிர்ந்த எழுத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா கூடாதா, தாலுகா ஆபீஸ் தாள் பெரிதா கல்யாணப் பத்திரிகை பெரிதா என்று வெகுநேரம் பேசினார்கள். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று தலைவர் நடராசனார் தன் பெயரையே கொடுத்தனுப்பினார், மறுநாள் 'அமரர் நடராசன்' என்று அச்சடித்த மாத்திரத்தில் அமரர் உதிர்ந்துவிட்டது, எத்தனையோ வருசமாகச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்புமாக இருக்கிற மனுசன், அந்தச் சந்தோசத்தில் ஊர் முழுக்க அல்வா கொடுத்தார். அதற்குப் பிறகு ஜனம் விடுமா? சவுதிக்குப் போய்ப் போன் பண்ணாத மகன் பெயரை எடுத்துக்கொண்டு ஒருத்தி போனாள், கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன அண்ணன் பெயரோடு ஒருத்தன் போனான், பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்து, கல்யாண ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கு உட்கார இடமில்லாமல் போனது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த பிறகுதான் பெயர் ஓட்டப்படும் என்று பாய் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார்.

முதல் வெள்ளிக்கிழமை, படகில் போன மற்ற ஆறு பேரின் வீட்டுப் பெண்களும் குளித்து, தலைவாரி, கோவிலுக்குப் போகிறவர்கள் மாதிரி சேர்ந்து போனார்கள். செல்லக்கிளி புருசன் பெயர்தான் முதலில் ஓடியது. அவள் தட்டிலிருந்து அட்டையைச் சூடாக எடுத்து, உதறினாள், ஊதினாள், எச்சில் தொட்டுத் தேய்த்தாள், முந்தானையை நனைத்துத் துடைத்தாள். அமரர் அப்படியே இருந்தது. "ஒட்டிக்கிச்சே பாய்," என்றாள், "ஒட்டிக்கிச்சே," என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு, ஒன்பது வருசமாக எங்கே வைத்திருந்தாளோ தெரியாத அழுகையை அந்தக் கடை நடுவில் உட்கார்ந்து அழுதாள். இன்னும் நாலு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. ஆறாவது அமுதா, சின்ன வயசுக்காரி, தன் அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி உறைக்குள் போட்டு, பசை வைத்து ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இன்றுவரைக்கும் பிரிக்கவில்லை. மறுவாரம் கரையில் ஐந்து கருமாதி நடந்தது. உடம்புக்குப் பதிலாக அந்தந்தப் பத்திரிகையைத்தான் வைத்தார்கள். இது சரியா என்று பூசாரியும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

ஆக ஏழு பேரில் வேதையன் இருக்கிறான். ராசமாணிக்கம் நேரில் வந்து, பத்திரிகையைக் கண்ணருகே வைத்து அந்த வெற்று இடத்தைத் தடவிப் பார்த்தார். "சம்பந்தி இருக்காருன்னா இருக்கட்டும். எனக்கென்ன, சந்தோசந்தான். வேட்டிய வச்சிக்கிட்டு நீங்களே மணையில நில்லுங்க சம்பந்தியம்மா," என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார். முதலில் அச்சடித்த ஐந்நூறையே வைப்பது என்று முடிவானது. முதல் பத்திரிகை மாரியம்மனுக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு, அப்புறம் தெருத் தெருவாக, ஊர் ஊராக வெற்றிலை பாக்குத் தட்டோடு கொண்டுபோய் வைத்தார்கள், வாங்கினவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது அந்த விரலகல இடத்தைத்தான். ஒரு பத்திரிகையை மட்டும், உறைமேல் வேதையன் என்று எழுதி, விலாசம் எழுத வேண்டிய இடத்தை அப்படியே விட்டு, அவன் கல்யாண வேட்டியின் மடிப்புக்குள் பவுனம்மா வைத்தாள்.

மூன்று நாள் அவள் தரையில் நடக்கவில்லை. அவனுக்குப் பிடிக்குமென்று சுறாப்புட்டு கிண்டினாள், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். காலையில் எழுந்ததும் அந்த டப்பாவை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினாள், உள்ளே கடுகு மாதிரி எழுத்துகள் சலசலத்தன, இருக்கான் என்று சொல்லிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். இலக்கியாவும் தினம், "ஆட்டிப் பாத்தியாம்மா?" என்று கேட்பாள், "பாத்தேன், சத்தம் கேக்குது" என்பாள் இவள். நாலாம் நாள்தான் அது வந்தது. கேட்கக் கூடாத கேள்வி அது, ஆனால் ஊர் முதலிலேயே கேட்க ஆரம்பித்திருந்தது. இருக்கிறவன் எங்கே இருக்கிறான்? வெளிநாட்டு ஜெயிலில் என்றார்கள், ஞாபகம் தப்பி எங்கோ கரையேறிக் கிடக்கிறான் என்றார்கள், கேரளாவில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான், இரண்டு பிள்ளைகளாம் என்று சொல்லவும் ஒரு வாய் இருந்தது. யாரும் பார்த்தது கிடையாது.

கருமாதி முடிந்து பொட்டில்லாத நெற்றியோடு செல்லக்கிளி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நீ குடுத்து வச்சவடி பவுனு," என்றாள். மனசாரத்தான் சொன்னாள், பொறாமையில் இல்லை.

"நீயும் அப்புடிச் சொல்லாதக்கா," என்றாள் பவுனம்மா. "ஒன் புருசன் வர முடியாததால வரல. என் புருசன் உசுரோட இருந்துக்கிட்டு வரல. ஒம்போது வருசம். ஒரு போனு இல்ல, ஒரு கடுதாசி இல்ல. இவ வயசுக்கு வந்தப்ப வரல, இவ பாஸ் பண்ணினப்ப வரல. நான் கையெழுத்துப் போட்டேன்னு யாராவது சொல்லியிருப்பாங்களோ, அந்தக் கோவமா? எதுன்னு நான் நெனச்சிக்கிறது? செத்துட்டான்னா அழுதுட்டாவது எந்திரிக்கலாம். இத வச்சிக்கிட்டு நான் என்னக்கா பண்ணுவேன்?"

செல்லக்கிளி பவுனம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். புருசன் செத்தவள் புருசன் உயிரோடிருக்கிறவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்தது.

ஆனாலும் பவுனம்மா டப்பாவை ஆட்டாமல் இருந்ததில்லை. திட்டிக்கொண்டே ஆட்டினாள். "வருவான், கல்யாணத்தன்னிக்கு வந்து நிப்பான், அப்ப வச்சிக்கிறேன்," என்று கரிச்சட்டி தேய்க்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்நூறு பத்திரிகை ஊரெல்லாம் போயிருக்கிறதே, ஒன்றாவது அவன் கண்ணில் படாதா என்று ஒரு நினைப்பு. நாள் நெருங்க நெருங்கப் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். விடிந்ததும் பவுனம்மா குளித்து, ஈரத்தலையைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து டப்பாவை எடுத்தாள். மூடி கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆட்டினாள். சத்தம் இல்லை. இன்னொரு தரம் ஆட்டினாள். திறந்து பார்த்தாள், அடித்தகரம் பளபளவென்று தெரிந்தது, ஒரு புள்ளி இல்லை.

பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்து, மடிப்புக்குள்ளிருந்த பத்திரிகையை உருவினாள். அமரர் வேதையன் என்று இருந்தது. அந்த விரலகல இடத்தில் சரியாக, நேராக, வேறெங்கும் போகாமல் வந்து உட்கார்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், எச்சில் தொட்டுத் தேய்த்தாள், செல்லக்கிளி என்னென்ன செய்தாளோ அத்தனையும் செய்தாள். அசையவில்லை. அப்படியென்றால் நேற்றுவரைக்கும் இருந்திருக்கிறான். எந்த ஊரில், எந்தப் படுக்கையில், யார் தண்ணீர் கொடுத்தார்களோ கொடுக்கவில்லையோ, இந்த விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருக்கிறான். இந்தத் தடவை யாரும் பவுனம்மாவைக் கேட்கவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை.

ஐயோ என்ற அலறல் வாய்வரைக்கும் வந்துவிட்டது, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சமுதாயக் கூடத்தில் அடுப்பு மூட்டியாயிற்று. உள்ளே இலக்கியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். சாவைக் காதால் கேட்டால்தான் தீட்டு, கேட்காதவரை இல்லை என்பது அந்தக் கரை வழக்கம், ஒரு வாய் திறந்து சொல்லிவிட்டால் கல்யாணம் நின்றுபோகும், நின்ற கல்யாணத்துப் பெண் என்று அவள் பிள்ளையை ஊர் பார்க்கும். பவுனம்மா பத்திரிகையை மடிப்புக்குள் வைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று, என்றைக்கும் வைப்பதைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்தாள், கை கூசவில்லை.

"ஆட்டிப் பாத்தியாம்மா?" என்றாள் உள்ளேயிருந்து இலக்கியா.

"பாத்தேன்," என்றாள் பவுனம்மா. "சத்தம் கேட்டுச்சு."

சமுதாயக் கூடத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சந்தனமும் கல்கண்டும் வைத்த மேசையில், வருகிறவர்கள் பார்க்க ஒரு பத்திரிகையை நிறுத்தி வைப்பார்கள், அதைக் காணோம். முருகையன் அந்தப் பக்கமாக நின்றுகொண்டு, கேட்காத கேள்விக்கு, "காத்துல பறந்துருச்சும்மா," என்றார், கண் சிவந்திருந்தது. அப்போதுதான் பவுனம்மா கவனித்தாள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் பத்திரிகை இருக்கும், பையில் இருக்கும், விசிறிக்கொள்வார்கள், பந்திக்குக் காத்திருக்கும்போது பிரித்து எந்தப் பெயர் விட்டுப்போனது என்று குறை பார்ப்பார்கள். அன்றைக்கு நானூறு பேர் வந்திருந்தார்கள், ஒருத்தர் கையிலும் பத்திரிகை இல்லை. ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள், வழக்கமாகப் பிடிப்பதைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்துவிட்டு, கல்யாண வேலையெல்லாம் நல்லபடியா நடக்குதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். சம்சுதீன் பாய் வாசலோடு நின்று, தலையைக் குனிந்து சலாம் சொன்னார். செல்லக்கிளி நல்ல காரியத்தில் முன்னே வரமாட்டாள், அன்றைக்கு நேராக வந்து, பவுனம்மா தலையில் இருந்த பூ போதாதென்று இரண்டு முழம் மல்லிகையை வைத்துக் குத்திவிட்டாள்.

"இன்னிக்கு வச்சிக்க," என்றாள். அவள் விரல்கள் பவுனம்மாவின் பின்கழுத்தில் பட்டபோது சில்லென்றிருந்தன.

பவுனம்மா வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றுவிட்டாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்றால் சம்பந்திக்கும் தெரிந்திருக்கும். நாலு பேர் பேச்சுக்குப் பயப்படுகிறவர். மணையேற விடுவாரா, இல்லை முருகையனைக் கூப்பிடுவாரா என்று மேடையையே பார்த்தாள். மேடையிலிருந்து ராசமாணிக்கம் இறங்கி அவளை நோக்கி வந்தார். சட்டைப் பையில் மஞ்சள் தடவிய பத்திரிகையின் மூலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார், விரலால் அதைப் பைக்குள் அழுத்தி விட்டுக்கொண்டார்.

"என்ன சம்பந்தியம்மா இங்க நின்னுட்டீங்க?" என்றார், கூடம் முழுக்கக் கேட்கிற குரலில். "வேட்டிய எடுத்துக்கிட்டு மணைக்கு வாங்க. சம்பந்தி வரத் தாமசமாவுது, நேரம் போவுதுல்ல."

ஒன்பது வருசத்தை அந்த மனுசன் தாமதம் என்று சொன்னார், நானூறு பேரும் ஆமாம் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பவுனம்மா மணையில் நின்றாள். இடது கையில் வேட்டி, வலது கையில் சொம்பு. மகள் கையைக் கபிலன் கையில் வைத்துத் தாரை வார்த்தாள். பூசாரி தாலியை எடுத்துக் கொடுத்து, விரலை உயர்த்தி, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்றார்.

தாலி கட்டும் நேரத்தில் தும்மல், இருமல், அழுகை என்று நல்ல காரியத்துக்கு ஆகாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான் கெட்டிமேளம், எல்லா ஊரிலும் அதற்குத்தான். தவில் இரண்டும் நாயனம் இரண்டும் ஒரே மூச்சில் எழும்பிய அந்த நேரத்தில், பவுனம்மா வாயைத் திறந்தாள். ஏன்யா வரல, என்றாள். நேத்துவரைக்கும் இருந்தியே, ஏன்யா வரல, நான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது தப்புதான்யா, ஒரு நாள் வந்து என்னை அடிச்சிருந்தா என்ன, ஒம் மவளப் பாருய்யா, அவ கழுத்தப் பாருய்யா என்று வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள், கதறினாள், ஒரு சொல் ஒருத்தர் காதிலும் விழவில்லை. மூன்றாவது முடிச்சும் விழுந்துவிட்டது. தவில்காரர் நிறுத்தலாமா என்று மேடையைப் பார்த்தார். ராசமாணிக்கம் விரலைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தார், வாசி வாசி என்று. முருகையனும் கை தூக்கினார், தலைவர் நடராசனார் தூக்கினார், பொட்டில்லாத ஐந்து பெண்களும் தூக்கினார்கள், நானூறு பேர் அட்சதையைத் தூவி முடித்த கையோடு விரலைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். தவில்காரருக்கு வேர்த்து ஊற்றியது, நாயனக்காரர் கண் பிதுங்கியது, யாரும் விடவில்லை. அவ்வளவு நீளமான கெட்டிமேளத்தை அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை. பவுனம்மா அழுது முடித்து, முகத்தை வேட்டியில் துடைத்து, தலைமயிரை ஒதுக்கி, நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்ட பிறகுதான் ராசமாணிக்கத்தின் விரல் கீழே இறங்கியது.

மேளம் நின்றது. பொண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள். எழுந்திருக்கும்போது இலக்கியா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள்.

"காலையில ஒனக்கு முன்னாடி நான் ஆட்டிப் பாத்துட்டேம்மா."

மூடி சாய்ந்திருந்தது பவுனம்மாவுக்கு ஞாபகம் வந்தது. மகளின் கழுத்தில் திரும்பிக் கிடந்த தாலியை நேராக எடுத்து விட்டாள்.

"பேசாம இரு," என்றாள். "பந்தி முடியட்டும்."

பந்தி முடிகிறவரைக்கும் கோரைமேட்டில் வேதையன் உயிரோடு இருந்தான்.